படத்தில் விடுபட்ட ரப்பர்த் துண்டு



சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மேலூரில் எங்கள் தெருக்கோடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், கையில் ஒரு காகிதக் கட்டுடன் என் வீட்டுக்கு வந்தார். பெரியாறு கால்வாய்ப் பாசனக்காரர்களின் பம்புகளைப் பழுது பார்த்தே முடி நரைத்தவர். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் ஒரு தண்டு ஓடும் ஓசையைக் கேட்டே எந்தத் தாங்கி தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அன்று அவர் முகம் வாடியிருந்தது.

"சார், நானே யோசிச்சு, நானே வெல்டு வச்சு செஞ்ச சாமான். இது புதுசே இல்லைன்னு கடுதாசி போட்டிருக்காங்க. என்னைப் பொய்யன்னு சொல்றாங்களா?"

அந்தக் கடிதம் சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்திலிருந்து வந்த ஆய்வறிக்கை. ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தால், அரசு அதை உடனே முத்திரை குத்திக் கொடுத்துவிடுவதில்லை. அந்தத் துறையைப் படித்த ஓர் ஆய்வாளர் அதை வரிவரியாகப் படித்துத் தம் ஆட்சேபணைகளை எழுதி அனுப்புவார். விண்ணப்பித்தவர் ஆறு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். கேட்டுப் பெற்றால் மேலும் மூன்று மாதம் கிடைக்கும். அதற்குள் பதில் தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். அண்ணன் அந்தக் கடிதத்தை நான்கு மாதம் பெட்டிக்குள் வைத்திருந்துவிட்டார். கோபம்தான் காரணம்.

அந்தக் கடிதம் அவரை அவமதிக்கவில்லை என்பதும், அவருக்கு அதுவரை யாரும் செய்யாத ஓர் உதவியை அது செய்தது என்பதும் என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளங்கிக்கொள்ள அவர் செய்த கருவியை முதலில் பார்ப்போம்.

மதுரையில் துணிக்குச் சாயம் போடுவோருக்குப் பெரிய தலைவலி சாயக் கழிவுநீர். அதைக் கரித்துகள் நிறைந்த ஒரு கலனுக்குள் செலுத்தினால் கரி சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். இது பழைய விஷயம். தண்ணீரை மேலிருந்து ஊற்றினால் கரி இறுகி அடைத்துக்கொள்கிறது. ஆகவே அண்ணன் தண்ணீரைக் கீழிருந்து மேலாகச் செலுத்தினார். ஒரு பழைய எண்ணெய் டிரம், அதன் அடியில் துளையிட்ட தட்டு, தட்டின்மேல் நன்றாக ஊறவைத்த கொட்டாங்குச்சிக் கரி, கீழே ஒரு சிறு பம்பு. பம்பை ஓடவிட்டதும் கரி முழுவதும் அரிசி உலை கொதிப்பது போலப் புரண்டு புரண்டு எழுகிறது. ஒவ்வொரு துகளையும் நீர் தொட்டுச் செல்கிறது.

இதைப் 'பாய்மப் படுகை' என்கிறோம். கெட்டியான துகள்களின் குவியல், கீழிருந்து வரும் நீரோ காற்றோ தூக்கும்போது தானே ஒரு திரவம் போல நடந்துகொள்ளும். இதன் கணக்கு உங்கள் பாடத்தில் உள்ளதுதான். மேலே செல்லும் நீரின் இழுவிசை, துகள்களின் எடையிலிருந்து மிதப்பு விசையைக் கழித்தால் வரும் மதிப்புக்குச் சமமாகும் கணத்தில் படுகை இளகிவிடும். ஒரு மீட்டர் உயர மணற்படுகையை எடுத்துக்கொள்ளுங்கள். மணலின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 2650 கிலோகிராம், நீருக்கு 1000. வேறுபாடு 1650. படுகையின் கன அளவில் மணல் நிரப்புவது சுமார் 60 விழுக்காடு, மீதி இடைவெளி. 1650 × 0.6 × 9.8 என்று பெருக்கினால் சுமார் 9700 பாஸ்கல் வரும். இது ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர நீர்த்தம்பம் தரும் அழுத்தம். ஒரு மீட்டர் மணலைத் தூக்கக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீரின் அழுத்தமே போதும்! கரி மணலைவிட லேசானது. இன்னும் குறைவான அழுத்தம் போதும். ஆகவே அண்ணனின் சிறு பம்பு திணறாமல் ஓடியதில் வியப்பில்லை.

ஆனால் ஒரு தொல்லை இருந்தது. மின்சாரம் நின்றால் பம்பு நிற்கும். மிதந்துகொண்டிருந்த கரி பொலபொலவென்று கீழே இறங்கித் தட்டின் துளைகள் வழியே குழாய்க்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு மின்வெட்டுக்கும் டிரம்மைக் கவிழ்க்க வேண்டும். அண்ணன் மூன்று மாதம் யோசித்து, ஒவ்வொரு துளையின் மேலும் பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ஒரு ரப்பர்த் துண்டை, ஒரு பக்கம் மட்டும் ரிவெட் அடித்துப் பொருத்தினார். நீர் மேலே வந்தால் துண்டு திறக்கும். நீர் நின்றால் கரியின் எடையே அதை அழுத்தி மூடிவிடும். அதற்குப் பிறகு டிரம்மைக் கவிழ்க்க வேண்டியிருக்கவில்லை.

இனி கடிதத்துக்கு வருவோம்.

காப்புரிமை விண்ணப்பத்தில் மூன்று முக்கியப் பகுதிகள் உண்டு. கண்டுபிடிப்பை விளக்கும் விவரணை, படங்கள், கடைசியாக 'உரிமைக் கோரிக்கைகள்'. நம் ஊரில் நிலப் பத்திரம் எழுதும்போது நான்கெல்லை எழுதுவார்கள் அல்லவா? வடக்கே இன்னாருடைய புஞ்சை, கிழக்கே வாய்க்கால் என்று? பத்திர எழுத்தர் அதைச் செக்குபந்தி என்பார். காப்புரிமையின் கோரிக்கைகள் அந்த நான்கெல்லையைப் போன்றவை. அந்த எல்லைக்குள் இருப்பது மட்டுமே உங்களுடையது. படம், சர்வேக்காரரின் புலப்படத்தைப் போன்றது. எல்லையைத் தப்பாக எழுதினால் வயல் எவ்வளவு விளைந்தால் என்ன, வழக்குதான் மிஞ்சும்.

அண்ணனுக்காகப் பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் எழுதிக் கொடுத்திருந்த முதல் கோரிக்கையைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: கழிவுநீரைச் சிறந்த முறையில் சுத்திகரிக்கும் ஒரு பாய்ம வினைக்கலன்; அதில் ஒரு கலனும், ஒரு பம்பும், கரித்துகள்களும், தேவையான பிற பாகங்களும் உள்ளன.

நீங்களே சொல்லுங்கள், இதில் அண்ணனுடையது எது?

ஆய்வாளர் மூன்று பழைய ஆவணங்களைக் காட்டி, கலன், பம்பு, கரி ஆகிய மூன்றும் சேர்ந்த அமைப்பு முன்பே உலகுக்குத் தெரியும் என்று எழுதியிருந்தார். அது முழு உண்மை. ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் விங்க்லர் நிலக்கரியை வாயுவாக மாற்றப் பாய்மப் படுகையைக் கையாண்டது 1922-இல். கனமான எண்ணெயை உடைத்துப் பெட்ரோலாக்கும் முதல் பெரிய பாய்மப் படுகை உலை அமெரிக்காவின் பேட்டன் ரூஜில் 1942-இல் ஓடத் தொடங்கியது. அவ்வளவு தூரம் போவானேன்? மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலும் இந்த முறை இருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைப் பாய்மப் படுகையில் எரிக்கும் 250 மெகாவாட் அலகுகள் இரண்டு உள்ளன.

இரண்டாவது ஆட்சேபணை, 'சிறந்த முறையில்', 'தேவையான' என்ற சொற்களைப் பற்றியது. எது சிறந்தது? யாருக்குத் தேவையானது? நமது 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, கோரிக்கைகள் தெளிவாகவும் சுருக்கமாகவும், விவரணையில் சொல்லப்பட்டதை ஆதாரமாகக் கொண்டும் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டாவது கோரிக்கை, இந்தக் கலன் எந்தச் சாயத்தையும் நீக்கும் என்று பலனை மட்டும் சொன்னது. எப்படி என்று சொல்லவில்லை. மூன்றாவது, படத்தில் காட்டியபடியான கருவி என்று சொல்லி முடித்துக்கொண்டது. நான்காவது, வடிகட்டிய சேற்றை வெயிலில் காயவைக்கும் முறை. அது வேறு கண்டுபிடிப்பு. ஒரே விண்ணப்பத்தில் இரண்டைக் கட்டக் கூடாது என்றார் ஆய்வாளர்.

படங்களைப் பற்றிய பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கைப்பேசியில் எடுத்த இரண்டு புகைப்படங்களும், அளவுகள் குறித்த ஒரு கைவரைபடமும் வைக்கப்பட்டிருந்தன. மூன்றும் செல்லாது. ஏ4 தாளில், மேலும் இடமும் 4 சென்டிமீட்டர், கீழும் வலமும் 3 சென்டிமீட்டர் ஓரம் விட்டு, தெளிவான கோடுகளால் வரைய வேண்டும். பாகங்களுக்கு எண் இட வேண்டும். அந்த எண்களை விவரணையிலும் தவறாமல் கையாள வேண்டும். விண்ணப்பத்தில் ஒரே பொருளை ஓரிடத்தில் அடித்தட்டு என்றும், இன்னோரிடத்தில் சல்லடை என்றும், மூன்றாம் இடத்தில் பிளேட் என்றும் எழுதியிருந்தார்கள். படிப்பவர் மூன்று பொருள் என்றுதானே நினைப்பார்?

இன்னொரு விதி உங்களுக்கு விந்தையாக இருக்கும். காப்புரிமைப் படத்தில் நீள அகல அளவுகளைக் குறிக்கக் கூடாது! செய்முறைத் தேர்வில் அளவு எழுதாத படத்துக்கு நாங்கள் மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். அங்கே எழுதினால் ஆட்சேபணை. எனக்குப் புரிந்தவரையில் காரணம் இதுதான்: நாம் உரிமை கேட்பது பட்டறையில் நிற்கும் அந்த ஒரு டிரம்முக்கு அல்ல. டிரம் பெரிதானாலும் சிறிதானாலும் மாறாமல் நிற்கும் கருத்துக்கு. அளவு முக்கியமான இடத்தில் அதைச் சொற்களில் சொல்லிக்கொள்ளலாம்.

கடிதத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல அண்ணன் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரப்பரைப் பத்தி என்ன சார் சொல்லியிருக்காங்க?"

ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் ரப்பர்த் துண்டு கோரிக்கைகளில் இல்லவே இல்லை. படத்திலும் இல்லை. அவர் மூன்று மாதம் யோசித்துச் செய்த ஒரே புதுமை, அவருடையது என்று சொல்லத்தக்க ஒரே பொருள், எல்லைக் கல்லுக்கு வெளியே கிடந்தது.

இதே போன்ற கதை உலகப் புகழ் பெற்ற இருவருக்கும் நேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர், ஆர்வில் ரைட் சகோதரர்கள்தாம் அவர்கள். 1903 மார்ச் 23 அன்று அவர்கள் தாங்களே எழுதி ஒரு காப்புரிமை விண்ணப்பம் அனுப்பினார்கள். விமானம் எஞ்சினுடன் பறந்தது அந்த ஆண்டு டிசம்பர் 17 அன்று. விண்ணப்பம் அதற்கு ஒன்பது மாதம் முந்தியது. 1902-இல் அவர்கள் பறக்கவிட்ட எஞ்சினற்ற சறுக்கு விமானத்தைப் பற்றியது. ஆய்வாளர் அதை ஏற்கவில்லை. படங்கள் போதவில்லை, விளக்கம் தெளிவற்றது, இந்தக் கருவி வேலை செய்யக் கூடியதாகவும் தெரியவில்லை என்றார்.

ஆய்வாளரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பறக்கும் பொறி என்று சொல்லிக்கொண்டு பறக்காத பொறிகளை அந்த அலுவலகம் நிறையவே பார்த்திருந்தது. ரைட் சகோதரர்கள் பதில் எழுதினார்கள். இறக்கையின் நுனிகளை எதிரெதிர்த் திசையில் முறுக்கி விமானத்தைச் சமநிலையில் வைக்கலாம் என்னும் எண்ணம், 1899-இல் சைக்கிள் டியூப் வந்த நீள அட்டைப் பெட்டியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் வில்பருக்கு உதித்தது. அப்படியொரு அட்டைப் பெட்டியையே விளக்கமாகச் சேர்த்து அனுப்பினார்கள்! அதுவும் எடுபடவில்லை. எழுதத் தெரிந்த ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள் என்ற யோசனைதான் கிடைத்தது. (எங்கள் அண்ணனுக்கும் சைக்கிள் டியூப்தான் கைகொடுத்தது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

1904 தொடக்கத்தில் அவர்கள் ஹாரி டூல்மின் என்ற வழக்கறிஞரிடம் போனார்கள். டூல்மின் விமானத்துக்கு ஒரு திருகாணிகூடச் சேர்க்கவில்லை. உங்களுடையது எது என்ற கேள்வியை மட்டும் விடாமல் கேட்டார் எனலாம். பறக்கும் பொறி அவர்களுடையது அல்ல. சறுக்கு விமானங்களைப் பலர் செய்திருந்தார்கள். எஞ்சினும் அல்ல. பறந்துகொண்டிருக்கும்போதே இறக்கைகளின் இரு ஓரங்களும் காற்றைச் சந்திக்கும் கோணத்தை வெவ்வேறாக மாற்றி, அதனுடன் செங்குத்துச் சுக்கானையும் இணைத்து விமானத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு: அதுதான் அவர்களுடையது. கோரிக்கைகள் அதைச் சுற்றி எழுதப்பட்டன. 1906 மே 22 அன்று 821,393 என்ற எண்ணுடன் காப்புரிமை கிடைத்தது.

அந்தக் காப்புரிமையின் முழு ஆற்றலும் பிறகுதான் தெரிந்தது. கிளென் கர்ட்டிஸ் என்பவர் இறக்கையை முறுக்காமல், ஓரத்தில் தனித் தட்டுகளை அசைத்து அதே வேலையைச் செய்தார். படத்தில் இருப்பதை நான் செய்யவில்லையே என்பது அவர் வாதம். ஆனால் கோரிக்கை முறுக்குதல் என்ற ஒரு வழியோடு நிற்கவில்லை. ஓரங்களின் கோணத்தை மாற்றுவது என்ற கருத்தைப் பிடித்திருந்தது. 1914-இல் நீதிமன்றம் ரைட் பக்கம் தீர்ப்பளித்தது. இதில் எனக்கு முழு மகிழ்ச்சி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வழக்குகளிலேயே ஆண்டுகள் கழிந்தன. வில்பர் 1912-இலேயே காலமானார். அமெரிக்காவில் விமானம் செய்வோர் கைகள் கட்டுண்டு கிடந்தன. 1917-இல் முதல் உலகப் போரில் அந்நாடு இறங்கியபோது, காப்புரிமைகளையெல்லாம் ஒரு பொதுத் தொகுப்பில் போட்டு எல்லாரும் பயன்படுத்த ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. எல்லை மிகக் குறுகினால் கண்டுபிடித்தவனுக்கு நட்டம். மிக அகன்றால் ஊருக்கு நட்டம்.

ஊருக்கு நட்டம் என்றால் என்ன என்பதைச் சென்னை அலுவலகத்தின் கதை ஒன்று இன்னும் கூர்மையாகக் காட்டும். ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மெசிலேட் என்ற மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு உரிமை கேட்டு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998-இல் சென்னையில் விண்ணப்பித்தது. அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரையும், அதற்கப்பால் உச்ச நீதிமன்றம் வரையும் சென்றது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் மறுப்பை உறுதி செய்தது. தெரிந்த மருந்தின் புதிய வடிவம் கூடுதல் குணப்பலன் தந்தால்தான் உரிமை என்பது நம் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தத் தீர்ப்பில் நான் மாணவர்களுக்குச் சுட்டிக்காட்ட விரும்புவது வேறோர் இடம். பழைய காப்புரிமை ஒன்றின் எல்லை அகலமானது, ஆனால் அதில் கற்றுக்கொடுத்தது அதைவிடக் குறைவு என்று நிறுவனம் வாதாடியது. எல்லைக்கும் கற்பித்ததற்கும் இடையே அவ்வளவு பெரிய பள்ளம் இருக்கக் கூடாது என்று நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. உலகுக்கு எவ்வளவு கற்பிக்கிறாயோ அவ்வளவே உன் வேலி. நோவார்ட்டிஸ் மருந்து மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய், இந்திய நிறுவனங்கள் தயாரித்தது சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய் என்றிருந்த காலம் அது. ஒரு கோரிக்கையின் சில வரிகளில் எத்தனை குடும்பங்கள் தொங்கிக்கொண்டிருந்தன, பாருங்கள்.

ரைட் சகோதரர்களைப் போல எல்லா மறுப்பும் கடைசியில் கண்டுபிடித்தவர் பக்கம் திரும்பும் என்று எண்ணிவிடாதீர்கள். பள்ளிப் பொருட்காட்சிகளுக்கு நான் நடுவராகப் போகும்போதெல்லாம், தானே நீரை மேலே ஏற்றி, அந்த நீரிலேயே சுழன்று, மின்சாரமும் தரும் ஒரு பொறியை யாராவது வைத்திருப்பார்கள். அந்த மாணவன் பெரும்பாலும் நல்ல கைவேலைக்காரனாகத்தான் இருப்பான். ஆனால் நம் சட்டத்தின் 3(ஏ) பிரிவு, நிலைநாட்டப்பட்ட இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணானது கண்டுபிடிப்பே அல்ல என்கிறது. உள்ளே ஆற்றல் கொடுக்காமல் வெளியே ஆற்றல் தரும் பொறியையும், நூறு விழுக்காடு திறன் உள்ளதாகச் சொல்லப்படும் பொறியையும் அலுவலகக் கையேடு பெயர் சொல்லியே எடுத்துக்காட்டுகிறது.

பெரிய விஞ்ஞானிகளும் இந்த வாசலில் நின்றதுண்டு. 1989 மார்ச் 23 அன்று (ரைட் விண்ணப்பத்தின் அதே தேதி!) அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பான்ஸ், ஃபிளெய்ஷ்மன் என்ற இரு வேதியியலார், கனநீர் நிரம்பிய ஒரு சாதாரணக் கண்ணாடிக் கலனில், பல்லேடியக் கம்பி வழியே மின்சாரம் செலுத்தி அணுக்கரு இணைவை நிகழ்த்தியதாக அறிவித்தார்கள். உலகமே பரபரத்தது. நம் டிராம்பேயிலும் சோதனைகள் நடந்தன. ஆனால் அவர்கள் சொன்னதை வைத்துக்கொண்டு செய்து பார்த்தவர்களுக்கு அதே விளைவு நம்பத் தகுந்தபடி கிடைக்கவில்லை. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் மசியவில்லை. பின்னர் பல்கலைக்கழகமே விண்ணப்பத்தைக் கைவிட்டது. ஆய்வாளர் ரைட் சகோதரர்களிடமும் இவர்களிடமும் கேட்டது ஒன்றேதான்: நீங்கள் எழுதியதைப் படித்து, உங்களைப் பார்த்தே இராத ஒருவர் இதைச் செய்ய முடியுமா?

என் இளநிலை வகுப்பில் இதை ஒரு விளையாட்டாக நடத்துகிறேன். நீங்களும் செய்து பாருங்கள். ஒருவர் காகிதத்தில் ஏதாவதொரு எளிய பொருளைச் செய்ய வேண்டும். காற்றாடியோ, தண்ணீர் நிற்கும் குவளையோ எதுவாயினும் சரி. பிறகு அதைச் செய்யும் முறையை எழுதி, ஒரு படமும் வரைந்து, வேறு வகுப்பு நண்பரிடம் அனுப்ப வேண்டும். வாய் திறக்கக் கூடாது. சென்ற முறை ஒரு மாணவர் 'பொருத்தமான இடத்தில் மடிக்கவும்' என்று எழுதியிருந்தார். எதிர் வகுப்பிலிருந்து வந்தது ஒரு கசங்கிய காகித உருண்டை. 'பொருத்தமான இடத்தில் மடித்தேன்' என்று ஒரு சீட்டும் இருந்தது. அந்த மாணவர் அதற்குப் பிறகு செய்முறை ஏட்டில் 'பொருத்தமான' என்று எழுதுவதில்லை.

பள்ளிகளில் நாம் கண்டுபிடி, கண்டுபிடி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். கண்டுபிடித்ததை எழுதவும் வரையவும் கற்றுத்தருவது குறைவு. பொருட்காட்சியில் பரிசு பெற்ற கருவியின் விளக்க அட்டையைப் படித்துப் பாருங்கள். தலைப்பு பெரிதாக, பயன்கள் பத்து வரியில், அமைப்பு இரண்டு வரியில். என்னைக் கேட்டால் பரிசில் பாதி மதிப்பெண்ணை அட்டைக்குக் கொடுப்பேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உண்மையிலேயே புதியது என்று நீங்கள் கருதும் ஒன்றை விண்ணப்பிக்கும் முன்னரே பொருட்காட்சியில் வைத்துவிட்டால், அது ஊரறிந்ததாகிவிடும், புதுமை போய்விடும். மத்திய அரசு அறிவித்த பொருட்காட்சிகளுக்குச் சட்டம் பன்னிரண்டு மாதச் சலுகை தருகிறது. பள்ளிக்கூடத்து விழா அந்தப் பட்டியலில் வருவதில்லை. அண்ணன் இந்த ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தார். விண்ணப்பம் போட்டு எண் வாங்கிய பிறகே முதல் டிரம்மை வெளியே அனுப்பினார்.

ஆய்வாளர் பக்கம் இவ்வளவு பேசிவிட்டேன். ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அது ஆய்வாளருடையது அல்ல, விதியினுடையது. காப்புரிமை ஆவணங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ மட்டுமே இருக்க வேண்டும் என்கின்றன விதிகள். தமிழில் யோசித்து, தமிழில் பட்டறைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்து, தமிழில் திட்டி வேலை வாங்கிய ஒருவர், தம் பொருளைப் பற்றிய பத்திரத்தைத் தாமே படிக்க முடியாது. அண்ணன் கையெழுத்திட்ட விண்ணப்பத்தில் ரப்பர் இருக்கிறதா இல்லையா என்று அவருக்கே தெரியாது! நிலப் பத்திரத்தைத் தமிழில் எழுதிப் படித்துக் காட்டிய பிறகுதானே கையெழுத்து வாங்குகிறோம்? அறிவுக்கு எழுதும் பத்திரத்துக்கு அந்த நியாயம் ஏன் இல்லை? மொழிபெயர்ப்பைப் பின்னால் தரலாம் என்றாவது ஒரு வசதி வேண்டும். அது வரும்வரையில், விண்ணப்பம் எழுதுபவர் முதலில் கோரிக்கைகளைத் தமிழில் எழுதி, கருவி செய்தவரிடம் காட்டி, பிறகு ஆங்கிலமாக்குவதே நேர்மை. அப்படிச் செய்திருந்தால் 'தேவையான பிற பாகங்கள்' என்ற வரியைப் பார்த்ததும் அண்ணனே கேட்டிருப்பார்.

அன்று மாலை வரை அந்த விண்ணப்பத்தின் பதினொரு பக்கங்களையும் இருவரும் உட்கார்ந்து தேடினோம். இதில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. விண்ணப்பித்த பிறகு அதில் புதிதாக எதையும் நுழைக்கச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு இடம் தராது. எல்லையைக் குறுக்கலாம், தெளிவாக்கலாம். ஆனால் முதல் நாள் சொல்லாததை இன்று சொல்ல முடியாது. ரப்பரைப் பற்றி விவரணையில் எங்கும் பேச்சில்லை என்றால் அண்ணனின் மூன்று மாத யோசனையும் இந்த விண்ணப்பத்தைப் பொறுத்தவரை இல்லாததே. புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றால், டிரம் வெளியே போய்விட்டது. விண்ணப்பமும் பதினெட்டு மாதம் கடந்து வெளியிடப்பட்டுவிட்டது.

ஆறாம் பக்கத்தில், பராமரிப்பு என்ற தலைப்பின் கீழ், கடைசி வரியில் அது இருந்தது. பம்பு நிற்கும்போது துகள்கள் கீழே இறங்காதபடி ஒவ்வொரு துளையின் மேலும் ஒரு பக்கம் பிணைக்கப்பட்ட நெகிழ்வான மூடி உள்ளது என்று ஒரே வாக்கியம். எழுதியவர் அதை ஏதோ சில்லறை விஷயமாக நினைத்துப் பராமரிப்பில் தள்ளியிருக்கிறார். அண்ணன் அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார்.

பிறகு நடந்தது எளிது. மதுரையில் பதிவு பெற்ற ஒரு காப்புரிமை முகவரிடம் அவரை அழைத்துப் போனேன். நான்கு கோரிக்கைகள் போய் இரண்டு ஆயின. முதல் கோரிக்கை, தெரிந்ததை முதலில் ஒப்புக்கொண்டு, இதன் சிறப்பியல்பு யாதெனில் என்று தொடங்கி, துளையிட்ட தட்டு, ஒரு பக்கம் பிணைத்த நெகிழ்வான மூடி, நீர் நின்றதும் துகள்களின் எடையே மூடியை அழுத்தி அடைப்பது என்று நிற்கிறது. 'சைக்கிள் டியூப்' என்று எழுதவில்லை. எழுதினால் நாளை ஒருவர் லாரி டியூபை வெட்டிப் போட்டுக்கொள்வார். சல்லடையும் பிளேட்டும் போய், எல்லா இடத்திலும் ஒரே சொல்லாக அடித்தட்டு ஆயிற்று.

படத்தைப் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகள் வரைந்தாள். விவரணையில் உள்ளதை மட்டும். ஒரு கோடு கூடக் கூடாது, குறையக் கூடாது என்று சொல்லியிருந்தேன். மூன்று தாள்களைக் கிழித்தாள். நான்காவது தாளில் டிரம்முக்கு எண் 1, பம்புக்கு 2, அடித்தட்டுக்கு 4. தட்டின் ஒரு துளையைப் பக்கத்தில் தனியாகப் பெரிதாக்கிக் காட்டி, திறந்த நிலை ஒன்று, மூடிய நிலை ஒன்று என இரண்டு படங்கள். மூடிக்கு எண் 7. அளவு குறிக்கவில்லையே என்று பழக்கத்தில் நானே ஒரு கணம் திடுக்கிட்டேன். "குறிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றாள்.

நெகிழ்வான மூடிகள் வேறு வால்வுகளிலும் உண்டே, இது ஒரு பட்டறைத் திருத்தம்தானே என்று ஆய்வாளர் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியும் நியாயமானதே. கடைசல் இயந்திரத்தில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் முறைக்கு ஏற்கெனவே தரப்பட்டிருந்த ஒரு காப்புரிமையையே, அது வெறும் பட்டறைத் திருத்தம் என்று சொல்லி 1978-இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியிருக்கிறது. மின்வெட்டின்போது மூடி இருக்கும் கலனிலும் இல்லாத கலனிலும் எத்தனை முறை குழாய் அடைத்தது என்று அண்ணன் தேதி போட்டு எழுதி வைத்திருந்த பழைய நாட்குறிப்பை, விசாரணைக்கு எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். பதில் கெடுவுக்கு ஒன்பது நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்தது. விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.

மூன்றாவது டிரம் தயாராகிறது. இந்த முறை அண்ணன் ரப்பர்த் துண்டுகளை வட்டமாக வெட்டாமல் நீள்சதுரமாக வெட்டுகிறார். மூலை நன்றாகப் படிகிறதாம். கோரிக்கையில் மூடியின் வடிவத்தை ஏன் எழுதவில்லை என்று அவருடைய மகள் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.